மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு மாத அமைதி

கர்நாடக அரசிடம் யுவநிதி என்று ஒரு திட்டம் இருக்கிறது. வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமா முடித்தவருக்கு 1,500 ரூபாய். வாங்குகிறவர் பதிலுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். திட்டம் தொடங்கியபோது போட்ட விதிப்படி, மாதாமாதம் 25ஆம் தேதிக்குள் சேவா சிந்து இணையதளத்துக்குள் போய், எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். மறந்தால் அந்த மாதம் பணம் நின்றுவிடும். பொய் சொன்னால் நடவடிக்கை. வருகைப் பதிவேடு என்பது வேலைக்குப் போகிறவனுக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். போகாதவனுக்கும் ஒன்று திறந்தாயிற்று.

2023 டிசம்பர் 26 அன்று முதல்வர் சித்தராமையா பதிவைத் தொடங்கி வைத்தார். 2024 ஜனவரி 12, விவேகானந்தர் பிறந்த நாளில், சிவமொக்காவில் மேடை போட்டு முதல் தவணையைக் கொடுத்தார்கள். எழுமின் விழிமின் என்றவருடைய பிறந்த நாளைத் தேர்ந்தெடுத்த அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அவருக்கு மட்டும் பதவி உயர்வு கொடுக்கலாம்.

நிபந்தனைகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். படித்து முடித்து 180 நாள் சும்மா இருந்திருக்க வேண்டும். மேற்படிப்பில் சேர்ந்தால் பணம் கிடையாது. உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் போனால் கிடையாது. வங்கிக் கடன் வாங்கிச் சுயதொழில் தொடங்கினாலும் கிடையாது. ஆக, படிக்கக் கூடாது, பழகக் கூடாது, முயலக் கூடாது. இருந்த இடத்தில் இரண்டு வருஷம் அசையாமல் இருந்தால் தருவோம். கருத்தரங்குகளில் சமூக ஸ்திரத்தன்மை, சமூக ஸ்திரத்தன்மை என்று பேசுகிறார்களே, அது என்ன சாமான் என்று எனக்கு வெகுநாள் விளங்காமல் இருந்தது. இந்த விதிமுறைகளைப் படித்த பிறகு விளங்கிவிட்டது. ஸ்திரம் என்றால் அசையாதிருத்தல். அதற்கு விலை தலைக்கு மாதம் மூவாயிரம்.

அந்தப் பணத்தை வாங்குகிற பிள்ளையைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. பெங்களூர் மடிவாளாவில் நான்கு பேர் படுக்கும் பிஜி அறையில் ஒரு கட்டிலுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். கால் கட்டிலுக்கும் போர்வைக்கும் ஆகிற பணம் அது. இல்லாதவனுக்கு அதுவும் பெரிசுதான். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளவும் வேண்டாம். நம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பட்டதாரிக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டாமல் இருந்தால், மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. நாளொன்றுக்கு இருபது ரூபாய். டீ குடிக்கலாம், வடையைப் பார்க்கலாம். ஐந்து வருஷம் அசையாமல் இருந்ததற்கு மூன்று வருஷம் டீ. கழகங்கள் மாறி மாறி ஆண்டன. டீ மாறவில்லை.

இப்போது ஒரு கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தில்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்சில் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டன. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர் 3.4 சதவீதம். பட்டம் பெற்ற இளைஞர்களில் 29.1 சதவீதம். எட்டு மடங்குக்கும் மேல். எழுத்தறியாதவனுக்குச் சும்மா இருக்க வசதியில்லை, கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான் என்பது இதில் பாதி விளக்கம். மீதிப் பாதி யாரும் சொல்லாதது: இந்த நாட்டில் ஒரு பிள்ளையை வேலையில்லாதவனாக ஆக்குவதற்குப் பதினைந்து பதினாறு வருஷம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஏழையால் அவ்வளவு சுலபமாக அந்த நிலையை எட்ட முடியாது.

அந்த அறிக்கையை வெளியிட்ட மேடையில்தான் மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் வி. அனந்த நாகேஸ்வரன், வேலையின்மை போன்ற எல்லாச் சமூக, பொருளாதாரப் பிரச்சினைகளையும் அரசே தீர்த்துவிடும் என்று நினைப்பது சரியல்ல என்ற பொருளில் பேசினார். நல்லது. நாணயமான பேச்சு. தேர்தல் அறிக்கை எழுதும்போது மட்டும் இந்த நாணயம் எங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது? அப்போது லட்சங்களும் கோடிகளும் துள்ளுகின்றன. ஓட்டு எண்ணி முடித்ததும் ஆலோசகர் வந்து, அரசால் ஆகாதப்பா என்கிறார். ஆலோசனைக்குச் சம்பளம் உண்டு என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசால் ஆகாது என்றால் யாரால் ஆகும்? அதற்கும் பதில் வந்தது. 2018 ஜனவரியில் பிரதமர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், உங்கள் அலுவலகத்துக்கு வெளியே பக்கோடா விற்று மாலையில் 200 ரூபாயோடு வீட்டுக்குப் போகிறவர் வேலை பார்க்கிறாரா இல்லையா என்று கேட்டார். பெங்களூர் மாணவர்கள் குருவை மிஞ்சிய சீடர்கள். பிப்ரவரி 4ஆம் தேதி அரண்மனை மைதானத்தில் பிரதமரின் கூட்டம். அருகே மேக்ரி சர்க்கிள் பக்கம் பட்டமளிப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தவர்களிடம் ‘மோடி பக்கோடா’ விற்றார்கள். பிரதமர் சொன்ன தொழில், சொன்ன சரக்கு, வாடிக்கையாளரும் அவருடைய கட்சிக்காரர்களே. போலீஸ் வந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் மாநிலங்களவையில் அமித் ஷா தம் முதல் பேச்சில், வேலையில்லாமல் இருப்பதைவிடப் பக்கோடா விற்பது மேல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். எண்ணெய் காய்வதற்குள் கைது செய்தால் வெட்கப்பட நேரம் ஏது?

நேர்மையாகப் பக்கோடா போட்டுப் பிழைக்கிற ஆயிரக்கணக்கானோர் இந்த ஊரில் இருக்கிறார்கள். கே.ஆர். மார்க்கெட்டிலும் சிவாஜி நகரிலும் மாலையில் போய்ப் பாருங்கள். தள்ளுவண்டியை நிறுத்திய இடத்துக்கு யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். 200 ரூபாயில் எவ்வளவு மிஞ்சும் என்று அந்தப் பேட்டியில் யாரும் கேட்கவில்லை.

வேலை இல்லாதவனைப் பற்றி இவ்வளவு போதும். வேலை இருக்கிறவன் என்ன ஆனான்?

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இந்திய இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். தேசத்துக்காக. தகவல் தொழில்நுட்பப் பெருநிறுவனங்களில் புதிதாகச் சேர்கிற பொறியாளருக்குப் பத்து வருஷத்துக்கும் மேலாக ஆண்டுச் சம்பளம் மூன்று, மூன்றரை லட்சத்திலேயே நின்றுவிட்டது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்து ஊர் சிரித்தது. நாம் தாராளமாக மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் முப்பதாயிரம். வாரம் 70 மணி என்றால் மாதம் சுமார் முந்நூறு மணி. மணிக்கு நூறு ரூபாய். இந்திரா நகரில் ஒரு கப் காபிக்கு அதற்கு மேல் வாங்குகிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. தேசத்தைக் கட்டுகிறவனின் ஒரு மணி நேரம் ஒரு காபிக்குக் காணாது.

2022இல் அதே இன்ஃபோசிஸ் நிறுவனம் கல்லூரிகளுக்குப் போய் வேலைக் கடிதம் கொடுத்தது. கடிதம் வாங்கிய சுமார் இரண்டாயிரம் பேர் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஊரில் லட்டு கொடுத்தாயிற்று, கோயிலில் மொட்டை போட்டாயிற்று, தேதி மட்டும் வரவில்லை. 2024 அக்டோபர் வாக்கில் ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் மைசூரு பயிற்சி வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை ஒரே மூச்சில் வெளியே அனுப்பினார்கள். உள் தேர்வில் மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தும் தேறவில்லை, ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது என்றது நிறுவனம். நைட்ஸ் என்ற ஊழியர் சங்கம், எண்ணிக்கை அதைவிட அதிகம், பிள்ளைகளை மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றது. நிறுவனம் மறுத்தது. யார் சொல்வது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இரண்டரை வருஷம் வாசலில் நிற்க வைத்து, நாலு மாதம் உள்ளே உட்கார வைத்து, மறுபடி வாசலுக்கு அனுப்பிய கணக்கில் 70 மணி நேரம் எந்த வாரத்தில் வருகிறது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

2024 ஜூலையில் இன்னொரு யோசனை கிளம்பியது. கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஐ.டி. ஊழியர் நாளுக்கு 14 மணி நேரம் வரை வேலை செய்ய வழிவிடலாமா என்று அரசு யோசித்தது. ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. எதிர்த்ததில் யோசனை பின்வாங்கியது. எனக்கு வருத்தம்தான். எவ்வளவு அழகான பொருளாதாரம்! ஒருவன் பதினான்கு மணி நேரம், இன்னொருவன் பூஜ்யம் மணி நேரம். சராசரி ஏழு. இவ்வளவு மனிதாபிமானமுள்ள வேலை நாள் உலகில் வேறெங்கும் இருக்காது. மூன்று பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேரிடம் வாங்கிக்கொண்டு மூன்றாமவனுக்கு மூவாயிரம் கொடுத்துவிட்டால் முடிந்தது. அந்த மூவாயிரமும் நிறுவனத்தின் பையிலிருந்து போவதில்லை. நீங்களும் நானும் பெட்ரோலுக்கும் சோப்புக்கும் கட்டுகிற வரி.

இந்த யோசனை ஓடிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ஜூலை 15 அன்று, மாநில அமைச்சரவை வேறொரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு. முதல்வர் ஒருபடி மேலே போய், சி, டி பிரிவு வேலைகளில் நூறு சதவீதம் என்று சமூக ஊடகத்தில் போட்டார்; பிறகு நீக்கினார். ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் கண்ணைக் கசக்கியது. தொழிலதிபர்கள் கொதித்தார்கள். ஆந்திர அமைச்சர் லோகேஷ், எங்கள் விசாகப்பட்டினத்துக்கு வந்துவிடுங்கள் என்று பாய் விரித்தார். ஜூலை 17 அன்று மசோதா கிடப்பில் போடப்பட்டது. மண்ணின் மைந்தன் வேலையோடு இருந்தது இரண்டே நாள்.

சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. ஏனென்றால் மசோதா செத்தாலும் அது கிளப்பிவிட்ட கேள்வி தெருவில் உயிரோடு இருக்கிறது: உன் வேலையை எடுத்துக்கொண்டவன் யார்? விடை தயாராக இருக்கும். பக்கத்து மாநிலத்தான். சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் விடியற்காலை பஸ்ஸில் சில்க் போர்டில் இறங்கி, தோளில் பையும் கையில் ஃபைலுமாக நிற்கிறானே, அவன். அவனும் அதே வேலையில்லாத பட்டதாரிதான், அவன் அப்பாவும் அதே மாதிரி கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று தலைமுறையாக வாழ்ந்து, கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழனுக்கு அந்த மசோதாவால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் தெரு எந்தக் காலத்தில் மசோதாவின் உட்பிரிவைப் படித்துவிட்டுக் கல்லெடுத்தது?

1991 டிசம்பரில் தமிழர்கள் மேல் பாய்ந்த காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 2016 செப்டம்பர் 12ஆம் தேதியை நாமே பார்த்தோம். காவிரித் தீர்ப்பு ஒன்று வந்தது. மைசூர் ரோடு பக்கம் டிப்போவில் நின்ற கேபிஎன் பஸ்கள் கொத்தாக எரிந்தன. அன்று திங்கட்கிழமை. வேலை நாள். பெட்ரோல் கொண்டுவந்தது யார் என்பதை விசாரித்தார்கள். ஒரு திங்கட்கிழமைப் பகலில் தெருவில் கூட்டமாக நிற்க நேரம் இருக்கிற இளைஞர்கள் இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்பதை விசாரிக்க எந்தக் கமிஷனும் போடவில்லை. வேலை இல்லாதவன் கோபத்தை விதான சௌதாவின் வாசலிலிருந்து திருப்பிப் பக்கத்து வீட்டுக்காரன் வாசலுக்கு விடுவதில் நம் அரசியல்வாதிகளுக்கு இருக்கிற தேர்ச்சிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுப்பதில்லை. அவர்களுக்குத் தேவையும் இல்லை. அவர்கள் பட்டம் இல்லாமலே வேலையில் இருக்கிறார்கள்.

நம் மசோதா பிறந்து செத்த அதே வாரத்தில்தான் வங்கதேசத்தில் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு எதிராக மாணவர்கள் தெருவில் நின்றார்கள். ஜூலை 16 அன்று ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் போலீஸ் முன் கைகளை விரித்துக்கொண்டு நின்று சுடப்பட்டுச் செத்தார். ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா ஹெலிகாப்டர் ஏறினார். இடையில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். இன்னும் பின்னால் போனால் இலங்கை. 1971 ஏப்ரலில் சிங்களக் கிராமங்களிலிருந்து படித்து வந்து வேலையில்லாமல் நின்ற இளைஞர்கள் ஜே.வி.பி.யின் பின்னால் போய்ப் போலீஸ் நிலையங்களைத் தாக்கினார்கள், அரசு நசுக்கியது. அடுத்து வந்த வருடங்களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் கொண்டுவந்து, தமிழ்ப் பிள்ளைகளின் வயிற்றில் அடித்தார்கள். இருக்கிற கொஞ்சம் இடத்துக்கு ஓர் இனத்தை இன்னொன்றோடு மோதவிட்ட அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அந்தத் தீவு எத்தனை வருஷம் ரத்தம் கட்டியது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் படித்த நம் அதிகாரிகள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? சுவரை உயர்த்து.

உண்மையாகவே அதைத்தான் செய்தார்கள். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் குதித்து மஞ்சள் புகைக் குப்பியைத் திறந்தார்கள். ஒருவர் மைசூருவைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. படித்தது இந்தப் பெங்களூரில். வெளியே நின்று முழக்கமிட்ட பெண் எம்.ஏ., எம்.ஃபில். முடித்துத் தகுதித் தேர்வும் தேறி வேலையில்லாமல் இருந்தார் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். செய்தது குற்றமா, எவ்வளவு பெரிய குற்றம் என்பது நீதிமன்றத்தின் பாடு. நான் அதைச் சரி என்று சொல்ல வரவில்லை. அவர்கள் மேல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான யுஏபிஏ பாய்ந்தது. அடுத்த மே மாதம் நாடாளுமன்றப் பாதுகாப்பு சி.ஐ.எஸ்.எஃப். படையின் கைக்குப் போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். வேலையின்மை பற்றி நாடாளுமன்றத்தில் நடந்த விவாதங்களிலேயே உருப்படியாக மூவாயிரம் பேரை வேலையில் நிறுத்தியது அந்தப் புகை ஒன்றுதான்.

சரி, அரசு வேலை. கர்நாடகத்தில் அதற்கென்று ஒரு தனி உலகம் இருக்கிறது. தலைநகரம் தார்வாடு, பெங்களூரில் விஜயநகர். மெட்ரோவிலிருந்து இறங்கினால் எந்தச் சந்திலும் ரீடிங் ரூம் போர்டு. மாடிக் கூடத்தில் ஒட்டுப் பலகையால் தடுத்த மேஜைகள். ஒரு மேஜைக்கு ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட், ஒரு குழல் விளக்கு, மாத வாடகை. மேஜைக்கு மேலே செல்லோடேப் ஒட்டிய இந்திய வரைபடம். பக்கத்தில் முந்தின வருஷம் அதே இடத்தில் இருந்தவன் பேனாவில் எழுதி வைத்துவிட்டுப் போன தேர்வுத் தேதி. உள்ளே பேசக் கூடாது. இருபத்தைந்து வயதில் வந்து உட்கார்ந்தவனுக்கு முப்பத்திரண்டு ஆகிறது. இப்போது அவன் படிப்பது புத்தகத்தை அல்ல, வயது வரம்புத் தளர்வு பற்றிய அரசாணையை.

அப்படிப் படித்தவர்கள் 54,000 பேர் 2021 அக்டோபர் 3 அன்று சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதினார்கள். 545 இடம். பட்டியல் வந்தது. வந்த பின்தான் விடைத்தாளைத் திருத்தியவர்களுக்கு முன்பே சிலர் திருத்தியிருந்தது தெரிந்தது. அவையில் மாநில உள்துறை அமைச்சர் முறைகேடே இல்லை என்று சொல்லியிருந்தார். பிறகு சி.ஐ.டி. தோண்டத் தோண்ட, 2022 ஜூலையில், தேர்வு நடந்தபோது போலீஸ் ஆட்சேர்ப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஏ.டி.ஜி.பி. அம்ரித் பாலையே கைது செய்ய வேண்டிவந்தது. திருடனைப் பிடிக்க ஆள் எடுக்கும் தேர்வு! பட்டியல் ரத்தானது, நேர்மையாகத் தேறியவனும் சேர்ந்தே அடிபட்டான். மறுதேர்வு நடந்தது 2024 ஜனவரியில்.

மசோதாவில் கன்னடப் பற்று பொங்கி வழிந்த அடுத்த மாதம், 2024 ஆகஸ்ட் 27 அன்று, மாநிலத் தேர்வாணையமான கே.பி.எஸ்.சி. 384 உயர் பதவிகளுக்கு முதல்நிலைத் தேர்வு நடத்தியது. கன்னட வினாத்தாளில் அவ்வளவு பிழைகள். கன்னடத்தில் படித்து கன்னடத்தில் எழுத வந்த கிராமத்துப் பிள்ளைக்குத் தன் மொழியில் கேட்ட கேள்வி புரியவில்லை. முதல்வர் மறுதேர்வுக்கு உத்தரவிட்டார். டிசம்பர் 29 அன்று மறுதேர்வு, மறுபடியும் பிழைகள். தமிழன் வந்து பறித்துக்கொண்டதாகச் சொல்லப்படும் வேலைகளில் இந்த 384ஐயும் சேர்ப்பார்களா என்று பார்க்கலாம்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2019இல் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,600க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் அதில் உண்டு. 2024 குரூப் 4 தேர்வில் 6,244 இடத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம். பத்தாம் வகுப்புப் போதும் என்ற வேலைக்கு முதுகலைப் பட்டதாரி மண்டியிடுகிறார். தில்லியோ, இளைஞர்களுக்குத் திறன் இல்லை என்கிறது. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, இளைஞர்களில் 51.25 சதவீதம் பேரே வேலைக்குத் தகுதியானவர்கள் என்று எழுதியது. தகுதியில்லாத மற்றப் பாதிப் பேருக்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரி கொடுத்த முத்திரை குத்திய சான்றிதழ் இருக்கிறதே, அதற்கு வாங்கிய கட்டணம்? வாங்கிய மிக்ஸி பழுதானால்கூட நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். பாதிச் சரக்கு பழுது என்று அரசே அறிக்கை விட்ட பிறகும் ஒரு கல்லூரி முதலாளிகூட ஒரு ரூபாய் திருப்பித் தந்ததாகச் சேதி இல்லை. எப்படித் தருவார்கள்? பாதிப் பேர் சட்டமன்றத்தில் இருக்கிறார்கள்.

திறன் தருகிறோம் என்று 2024 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் பிரதமர் பயிற்சிப் பணித் திட்டத்தை அறிவித்தார். 500 பெரிய நிறுவனங்களில் ஐந்து ஆண்டில் ஒரு கோடி இளைஞர்கள், மாதம் 5,000 ரூபாய். முதல் சுற்றில் 82,000 பேருக்கு மேல் கடிதம் போனது. போய்ச் சேர்ந்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. ஐயாயிரத்தில் வேற்றூரில் எப்படி வாழ்வது என்பதை எந்த நிறுவனத்திலும் கற்றுத்தருவதில்லை போலிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் சொமேட்டோவின் தலைவர் தீபிந்தர் கோயல் போட்ட விளம்பரம் இன்னும் ஒரு படி மேல்: வேலையில் சேர்கிறவருக்கு முதல் வருஷம் சம்பளம் கிடையாது, சேர்கிறவர் 20 லட்சம் நன்கொடை தர வேண்டும். 18,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பிறகு, பணமெல்லாம் வாங்கப் போவதில்லை, அது சும்மா ஒரு வடிகட்டி என்றார். காசு கட்டி வேலைக்குப் போகத் தயாராக ஒரு தலைமுறை நிற்கிறது என்ற செய்தி மட்டும் அந்த வடிகட்டியில் தங்கிவிட்டது.

சொமேட்டோ மாதிரி நிறுவனங்களின் டெலிவரி வேலை ஒன்று மட்டும்தான் இந்த ஊரில் கேட்டவுடன் கிடைக்கிறது. முதுகில் பெட்டி. நிதி ஆயோக் கணக்கில் 2020-21இல் நாட்டில் இத்தகைய கிக் (gig) தொழிலாளர் 77 லட்சம், 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள். எங்கள் அடுக்ககத்தில் லிப்டில் ஏறக் கூடாது என்று அவர்களுக்கு மட்டும் ஒரு போர்டு உண்டு. நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நின்ற பையன், நான் தமிழில் போன் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “அண்ணா, ஓடிபி சொல்லுங்கண்ணா” என்றான்.

“எந்த ஊர் தம்பி?”

“தர்மபுரி பக்கம்ண்ணா. பி.இ. மெக்கானிக்கல்.” நான் படிப்பைக் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

“வீட்ல தெரியுமா?”

“பெங்களூர்ல கம்பெனில இருக்கேன்னு சொல்லியிருக்கேன். பொய் இல்லியேண்ணா, கம்பெனி பனியன்தானே போட்டிருக்கேன். அஞ்சு ஸ்டார் போட்டுடுங்கண்ணா.”

போட்டேன். தேசம் தன் பொறியாளனுக்குக் கொடுக்க வைத்திருக்கிற மரியாதை அந்த ஐந்து நட்சத்திரம்தான். அதையும் என் கட்டை விரல்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவர்களுக்காகக் கர்நாடகம் 2025இல் ஒரு நலச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை நல நிதிக்கு நிறுவனங்கள் கட்ட வேண்டும். நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால் வேலை கொடுக்க முடியாத அரசு, வேலை கிடைக்காமல் பெட்டி தூக்கியவனுக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே இந்த நகரம் அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த அமைதிக்கு யார் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தால், மூவாயிரம் கொடுக்கிற அரசு இல்லை. மகன் இன்னும் இரண்டு வருஷம் படிக்கட்டும் என்று சங்கிலியை அடகு வைக்கிற அம்மா. அறுபத்து மூன்று வயதில் இன்னொரு அபார்ட்மென்டில் இரவுக் காவலுக்குப் போகிற அப்பா. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டு ஓசூர் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிற அக்கா. இவர்கள் ஒரே ஒரு மாதம் கையை விரித்தால் போதும், உங்கள் ஸ்திரத்தன்மை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைகூட நடந்து வராது. அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிற ஹோட்டலின் மதிய உணவுச் செலவில் ஒரு வருஷத்து யுவநிதி எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை; பில்லைத்தான் யாரும் காட்ட மாட்டார்கள்.

வேலை இல்லவே இல்லை என்றால்கூட ஆறிப் போகலாம். கர்நாடக அரசின் சொந்தத் துறைகளில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேல் பணியிடங்கள் காலி. ஆட்சிக்கு வந்த ஓராண்டுக்குள் நிரப்புவோம் என்று 2023 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ் எழுதிக் கொடுத்தது. பள்ளியில் ஆசிரியர் இல்லை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் இல்லை, தாலுகா ஆபீசில் கோப்பை நகர்த்த ஆள் இல்லை. வெளியே ஆள் நிற்கிறது. உள்ளே நாற்காலி நிற்கிறது. நடுவில் அரசு நிற்கிறது. இட ஒதுக்கீட்டு உள்பகிர்வு முடியட்டும், வழக்கு முடியட்டும், நிதி வரட்டும் என்று ஒவ்வொரு காரணமும் நியாயமானதே. கேட்கிறவனுக்குத்தான் வயது ஏறுகிறது; காரணங்களுக்கு ஏறுவதில்லை.

அடுத்த தேர்தலில் யார் எந்தக் கொடியோடு வந்தாலும், பெங்களூரோ சென்னையோ, மூவாயிரமா ஐயாயிரமா என்று பேரம் பேசாதீர்கள். எந்தத் துறையில் எத்தனை இடம், தேர்வு என்ன தேதி, நியமன ஆணை என்ன தேதி என்று மட்டும் கேளுங்கள். தேதி சொல்லாதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.